சிறப்பும் பொதுவும்: மருத்துவத் துறைத் தேர்வில் போட்டி எதைக் காட்டுகிறது?

தமிழில் 'சிறப்பு' என்னும் சொல் இரு பொருள் தருவது. பொதுவினின்று ஒன்றைப் பிரித்துத் தனித்துக் காட்டுவது ஒரு பொருள். மேன்மை என்பது மற்றொரு பொருள். பவணந்தியாரின் நன்னூல் பாயிரத்தைப் பொதுப்பாயிரம் என்றும் சிறப்புப்பாயிரம் என்றும் வகுக்கிறது. எல்லா நூல்களுக்கும் உரியது பொது. ஒரு நூலுக்கே உரியது சிறப்பு. இவ்விரண்டனுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஆயினும், அன்றாடப் பேச்சில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சிறப்புத்துறை மருத்துவர் என்றால் மேலானவர் என்றும், பொது மருத்துவர் என்றால் அவருக்கு அடுத்த படியில் நிற்பவர் என்றும் நாம் நம்மை அறியாமலே கருதத் தொடங்குகிறோம்.

மருத்துவம் பயில விரும்பும் மாணவர்கள் ஆசிரியர்களிடம் கேட்கும் வினா ஒன்றிலும் இக்கலப்பு ஒளிந்திருக்கிறது. "எந்தத் துறைக்குப் போட்டி அதிகம்?" என்பதே அவ்வினா. வெளிப்பார்வைக்கு இது தகவல் வேண்டும் வினா. ஆனால் கேட்பவர் மனத்தில் பெரும்பாலும் வேறொரு வினா இருக்கிறது: "எது சிறந்த துறை?" போட்டி மிகுந்த துறையே சிறந்த துறை என்னும் கருத்து சரிதானா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆய்வுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் இரண்டு. அந்நாட்டில் ஏறத்தாழ எல்லாச் சிறப்புத்துறைப் பயிற்சியிடங்களும் நாடு தழுவிய ஒரே ஏற்பாட்டின் வழியே நிரப்பப்படுகின்றன. அவற்றின் புள்ளிவிவரங்களும் ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றன. மேலும், சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய 'ரெசிடென்சி' பயிற்சிமுறை அமெரிக்க முறையைத் தழுவி அமைந்தது. ஆகவே, அச்சொல் நமக்குப் புதியதன்று.

பட்டத்திற்குப் பின் வரும் வாயில்

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி நெடும்பயணம். நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு, அதன்பின் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. அங்கே எம்.டி., டி.ஓ. என இருவகைப் பட்டங்கள் உள்ளன. இரண்டும் முழு மருத்துவப் பட்டங்களே. ஆனால் பட்டம் கையில் கிடைத்தவுடன் ஒருவர் தனித்து மருத்துவம் பார்த்துவிட முடியாது. மருத்துவமனையில் ஊதியம் பெற்றுக்கொண்டே, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், ஒரு துறையில் பயிற்சி பெறவேண்டும். இதுவே ரெசிடென்சி எனப்படுவது. பொது மருத்துவம், குழந்தைகள் நல மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டுகள். மனநல மருத்துவத்திற்கு நான்காண்டுகள். பொது அறுவை மருத்துவத்திற்கும் எலும்பியல் அறுவை மருத்துவத்திற்கும் ஐந்தாண்டுகள். நரம்பியல் அறுவை மருத்துவத்திற்கு ஏழாண்டுகள்.

இப்பயிற்சியிடம் கிடைக்காத பட்டதாரியின் நிலை கடினமானது. எட்டாண்டு படித்திருப்பார். மருத்துவப் பட்டம் பெறும் மாணவர்களில் கடன் பெற்றோருக்கு அது நடுத்தர அளவில் ஏறத்தாழ 200,000 அமெரிக்க வெள்ளி. பட்டம் உண்டு, தொழில் செய்யும் வாயில் மட்டும் திறக்கவில்லை. ஆகவே எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பது விருப்பத்தை மட்டும் பொறுத்த முடிவன்று. வாழ்வையே பணயம் வைக்கும் முடிவு அது.

ஒரே நாளில் வெளியாகும் முடிவு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த இடங்களை நிரப்புவதற்கு ஒழுங்கான முறை இல்லை. நல்ல மாணவர்களை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துக்கொள்ள மருத்துவமனைகள் முந்தின. 1940களில், பணி தொடங்குவதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே இடங்களை அளிக்கும் நிலை வந்தது. மாணவர் எத்துறையில் தேர்ச்சி காட்டுவார் என்பது தெரியுமுன்னரே முடிவு செய்யவேண்டியிருந்தது. பின்னர் அதைக் கட்டுப்படுத்த முயன்றபோது, "இன்றே விடை சொல், இன்றேல் இடம் இல்லை" என்று மாணவர்களை நெருக்கும் வழக்கம் தோன்றியது. இச்சிக்கலைத் தீர்க்க 1952இல் நாடு தழுவிய இணைப்பு முறை நடைமுறைக்கு வந்தது. அதுவே இன்று 'மேட்ச்' என்று வழங்கப்படுகிறது.

அதன் செயல்முறை எளிது. மாணவர்கள் விண்ணப்பித்து, நேர்காணலுக்குச் சென்று, பின்னர்த் தாம் விரும்பும் பயிற்சியிடங்களை முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் அளிக்கின்றனர். மருத்துவமனைகளும் தாம் விரும்பும் மாணவர்களை அவ்வாறே வரிசைப்படுத்துகின்றன. கணினி இரு பட்டியல்களையும் இணைக்கிறது. ஒரு மாணவியின் முதல் விருப்பமான மருத்துவமனையை அது முதலில் பார்க்கும். அங்கே இடம் இருந்தால் அவரைத் தற்காலிகமாக அமர்த்தும். பின்னர், அம்மருத்துவமனை மேலாக வரிசைப்படுத்திய வேறொருவர் வந்து, இடமும் நிரம்பிவிட்டால், அம்மாணவி தம் இரண்டாம் விருப்பத்திற்கு நகர்வார். எவரும் மேலும் நகரவேண்டாத நிலை வரும்வரை இது தொடரும். அதுவரை எந்த இடமும் இறுதியானதன்று.

இம்முறையின் கணித அடிப்படையை டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி ஆகிய இருவரும் 1962இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். ஆல்வின் ராத் என்னும் பொருளியலறிஞர் மருத்துவ இணைப்பு முறையை அதனோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவரும் எலியட் பெரான்சனும் திருத்தி அமைத்த முறை, மாணவர்களின் விருப்பத்திலிருந்து தொடங்குவது. அது 1998 முதல் பயன்பட்டு வருகிறது. ராத், ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே மாணவர்கள் கருத்திற்கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. இம்முறையில் எட்டாத இடத்தை முதலில் எழுதியதனால் எட்டும் இடம் கைநழுவிப் போகாது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், இரண்டாம் விருப்பத்தில் அவருக்குரிய வாய்ப்பு முன்போலவே இருக்கும். ஆகவே மனத்தில் உள்ள வரிசையை உள்ளபடியே எழுதுவதுதான் அறிவுடைமை. போட்டியைக் கண்டு அஞ்சி வரிசையை மாற்றுவதில் நன்மை இல்லை. ஆனால், எத்துறைக்கு விண்ணப்பிப்பது, எத்தனை மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிப்பது என்னும் முந்திய முடிவுகளில் அச்சத்திற்கு இடமுண்டு. போட்டி தன் வேலையைச் செய்வது அங்கேதான்.

மார்ச் மாதத்து மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் மாணவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. எங்கே என்பது வெள்ளிக்கிழமை தெரியவரும். இடம் கிடைக்காதவர்கள் இடைப்பட்ட நாள்களில், நிரம்பாத இடங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்கின்றனர்.

எண்கள் காட்டும் போட்டி

2024ஆம் ஆண்டு இணைப்பில் 41,503 பயிற்சியிடங்கள் இருந்தன. விருப்பப் பட்டியல் அளித்தவர்கள் 44,853 பேர். மேலோட்டமாகப் பார்த்தால் பெரும்போட்டி இல்லை என்றே தோன்றும். ஆனால் இந்த ஒற்றைக் கணக்குக்குள் பல கணக்குகள் அடங்கியுள்ளன. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினர் முதலாண்டுப் பயிற்சியிடம் பெற்றனர். டி.ஓ. மாணவர்களில் 92.3 விழுக்காட்டினர் பெற்றனர். வெளிநாட்டில் மருத்துவம் பயின்ற அமெரிக்கக் குடிமக்களில் 67 விழுக்காட்டினரும், வெளிநாட்டில் பயின்ற வெளிநாட்டவரில் 58.5 விழுக்காட்டினரும் பெற்றனர். ஒரே தேர்வு, ஒரே கணினி. ஆனால் எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து வாயிலின் அகலம் மாறுகிறது.

துறைவாரியாகப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. பொது மருத்துவத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 இடங்கள் உள்ளன; குடும்ப மருத்துவத்தில் 5,000க்கு மேல். எலும்பியல் அறுவை மருத்துவத்தில் ஏறத்தாழ 900. நரம்பியல் அறுவை மருத்துவத்தில் ஏறத்தாழ 240. பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தில் நேரடியாகச் சேரும் இடங்கள் ஏறத்தாழ 200 மட்டுமே. தோல் மருத்துவம், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவம் ஆகியனவும் இடம் குறைந்த துறைகளே. இத்துறைகளை முதன்மையாக விரும்பும் அமெரிக்க எம்.டி. மாணவர்களில்கூட ஏறத்தாழ நால்வரில் ஒருவரோ, அதற்குச் சற்று மேலோ அத்துறையில் இடம் பெறாமற்போவது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது.

போட்டியை அளக்கப் பொதுவாக மூன்று அளவுகோல்கள் பயன்படுகின்றன. அவை மூன்றும் பயனுடையவையே. ஆயினும் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும்.

முதலாவது, விண்ணப்பித்தோரில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்னும் விகிதம். இவ்விகிதத்தில் விண்ணப்பிக்கத் துணிந்தவர்கள் மட்டுமே இடம்பெறுவர். தமக்குக் கிடைக்காது என்று கருதி முன்பே விலகியவர்கள் கணக்கில் வருவதில்லை. வகுப்பில் முதல் பத்துப் பேர் மட்டும் கலந்துகொண்ட போட்டியில் எழுவர் வென்றனர் என்பதும், வகுப்பே கலந்துகொண்ட போட்டியில் எழுபது விழுக்காட்டினர் வென்றனர் என்பதும் ஒன்றாகுமா? விகிதம் ஒன்று, போட்டி வேறு.

இரண்டாவது, ஒரு துறையின் இடங்களில் எத்தனை விழுக்காடு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களால் நிரப்பப்படுகிறது என்பது. பொது மருத்துவத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் பெருமளவில் இடம் பெறுகின்றனர். எனவே இந்த அளவுகோலில் அது எளிய துறையாகத் தெரியும். ஆனால் பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அதே துறைக்குக் கடும்போட்டி நிலவுகிறது. மூன்றாண்டு கழித்து இதய மருத்துவம், இரைப்பை குடல் மருத்துவம் போன்ற உட்பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கும்போது மற்றொரு போட்டி காத்திருக்கிறது. முன்வாயில் அகலமாக இருப்பதால் உள்ளே உள்ள படிக்கட்டுகள் மறைந்துவிடுவதில்லை.

மூன்றாவது, இடம் பெற்றவர்களின் மதிப்பெண்களும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையும். இது துறைக்குத் தேவையான திறமையைக் காட்டுவதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் இது, மிகுதியான விண்ணப்பங்களைக் குறைப்பதற்குத் தேர்வாளர் கையாண்ட சல்லடை எது என்பதையே காட்டுகிறது.

சல்லடை மாறிய கதை

அச்சல்லடையின் வரலாறு ஆசிரியர்களுக்குப் பயன்படும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதற்பகுதி 'ஸ்டெப் 1' எனப்படும். ஒருவர் மருத்துவராவதற்குப் போதிய அடிப்படை அறிவு பெற்றிருக்கிறாரா என்பதை அறிய அமைந்த தேர்வு அது. அதற்குத் தேவையான விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதே. ஆயினும் மூன்று இலக்க மதிப்பெண் அளிக்கப்பட்டதால், பயிற்சித் திட்டங்கள் அதை வடிகட்டும் கருவியாக்கிக்கொண்டன. தகுதியை உறுதி செய்யவந்த தேர்வு தரவரிசைத் தேர்வாயிற்று. மாணவர்கள் வகுப்பறையையும் நோயாளியையும் விட்டுவிட்டு அத்தேர்வின் வினாத் தொகுப்புகளிலேயே மூழ்கினர்.

2022 ஜனவரியில் அத்தேர்வு, தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்னும் முடிவை மட்டுமே அறிவிக்கத் தொடங்கியது. அழுத்தம் குறைந்ததா? அது இடம் மாறியது. இரண்டாம் பகுதித் தேர்வின் மதிப்பெண் முதன்மை பெற்றது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும் மேலும் எடை பெற்றன. போட்டி மிகுந்த துறைகளை நாடும் மாணவர்கள் ஆய்வுக்கென்றே ஓராண்டு ஒதுக்குவதும் பரவியது.

தைப்பூச ஊர்வலத்தைப் பார்க்கச் சாலையோரம் அமர்ந்திருக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர் ஒருவர் எழுந்து நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவர்களும் எழவேண்டியதாகும். முடிவில் எல்லாரும் கால்கடுக்க நிற்பர். எவருக்கும் முன்னைவிட மிகுதியாகத் தெரியாது. விண்ணப்பங்களிலும் இதுவே நடந்தது. பிறர் நாற்பது மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தால் நாம் அறுபதுக்கு விண்ணப்பிப்போம் என மாணவர்கள் எண்ணினர். விண்ணப்பங்கள் குவிந்தன, ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படிப்பது தேர்வாளர்களுக்கு இயலாததாயிற்று, எண்களைக் கொண்டு வடிகட்டுவது மேலும் கூடியது.

இதற்கு மாற்றாக, காது மூக்கு தொண்டைத் துறை 2020ஆம் ஆண்டு விண்ணப்பப் பருவத்தில் ஒரு வழியைத் தொடங்கிவைத்தது. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் குறிப்பிட்ட சில மருத்துவமனைகளுக்கு மட்டும், "உங்களிடம் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு" என்னும் குறிப்பை அனுப்பலாம். குறிப்பின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் அதற்கு மதிப்பும் இருந்தது. பிற துறைகளும் இவ்வழியைப் பின்பற்றின. எல்லாரும் மீண்டும் அமர்வதற்கான முயற்சி இது என்று கொள்ளலாம்.

துறை மாறவில்லை, போட்டி மாறியது

போட்டி ஒரு துறையின் உள்ளார்ந்த மேன்மையைக் காட்டுவதாயின், அது விரைந்து மாறக்கூடாது. துறையின் அறிவும் பணியும் சில ஆண்டுகளில் தலைகீழாவதில்லை. ஆனால் போட்டி மாறுகிறது. சில வேளைகளில் ஈராண்டுக்குள்ளேயே மாறுகிறது.

1990களின் நடுப்பகுதியில் மயக்க மருத்துவத்திற்கு இந்நிலை ஏற்பட்டது. அத்துறையில் மருத்துவர்கள் மிகுந்துவிட்டனர், இனி வேலை கிடைக்காது என்னும் செய்தி பரவியது. அமெரிக்க மாணவர்கள் கூட்டமாக விலகினர். பயிற்சியிடங்கள் வெறுமையாயின. ஆனால் அறுவை சிகிச்சைகள் குறையவில்லை. சில ஆண்டுகளில் மயக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. அச்செய்தியை நம்பி விலகியவர்கள் பலர். எவரும் விரும்பாத அக்காலத்தில் துணிந்து சேர்ந்தவர்களை வேலைவாய்ப்புகள் தேடிவந்தன.

அண்மைச் சான்று அவசர சிகிச்சை மருத்துவம். 2021 இணைப்பில் அத்துறையில் 14 இடங்களே நிரம்பாதிருந்தன. அவ்வாண்டில் வெளிவந்த அறிக்கை ஒன்று, 2030ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 7,800 அவசர சிகிச்சை மருத்துவர்கள் தேவைக்கு மிஞ்சியிருக்கக்கூடும் எனக் கணித்தது. கொவிட் பெருந்தொற்றில் அவசரப் பிரிவுகள் பட்ட பாட்டையும் மாணவர்கள் நேரில் கண்டிருந்தனர். 2022இல் நிரம்பாத இடங்கள் 219 ஆயின. 2023இல் 3,000க்குச் சற்று மேற்பட்ட இடங்களில் 554 நிரம்பவில்லை. அடுத்த ஆண்டே அவ்வெண்ணிக்கை 135 ஆகக் குறைந்தது. இம்மூன்றாண்டுகளில் மாரடைப்போடு வருபவரைக் காப்பாற்றும் கலை மாறியதா? இல்லை. மாறியது மாணவர்களின் எதிர்பார்ப்பு.

மனநல மருத்துவம் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. ஒரு காலத்தில் அமெரிக்க மாணவர்கள் அதிகம் நாடாத துறை அது. இன்று அதன் இடங்கள் ஏறத்தாழ முழுமையாக நிரம்பிவிடுகின்றன. மனநலம் பற்றிய சமுதாயப் பார்வை மாறியதும், வேலை நேரம் ஓரளவு கட்டுக்குள் இருப்பதும் அதற்குக் காரணங்களாகும்.

போட்டியை உருவாக்குவன எவை?

மேற்கண்டவற்றிலிருந்து சில காரணங்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, இடங்களின் எண்ணிக்கை. அமெரிக்காவில் ரெசிடென்சி பயிற்சிக்கான செலவின் பெரும்பகுதியை முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் ஏற்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்வுதவி பெறும் இடங்களுக்கு வரம்பு விதித்தது. மருத்துவமனைகள் தம் சொந்தச் செலவில் இடங்களைக் கூட்டலாம். ஆனால் அது எளிதன்று. சிறிய துறைகளில் பயிற்சிக்குப் போதிய நோயாளிகளும் பயிற்றுநர்களும் வேண்டியிருப்பதால் இடங்கள் மெல்லவே பெருகுகின்றன.

இரண்டாவது, வருமானம். அந்நாட்டுக் கட்டண முறையில், அறுவையும் செயல்முறைகளும் செய்வதற்குக் கிடைக்கும் தொகை, நோயாளியோடு அமர்ந்து பேசி, ஆராய்ந்து, அறிவுரை கூறுவதற்குக் கிடைப்பதைவிட மிகுதி. ஆகவே எலும்பியல் அறுவை மருத்துவரின் சராசரி வருமானம் குழந்தைகள் நல மருத்துவரின் வருமானத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. தலைமேல் கடனோடு நிற்கும் மாணவர் இக்கணக்கைப் பார்க்காமலிருப்பது அரிது. அவரைக் குறைகூறுவதும் முறையன்று.

மூன்றாவது, வாழ்க்கைமுறை. தோல் மருத்துவத்தில் நள்ளிரவு அழைப்பு குறைவு. இதற்கு நேர்மாறாக, நரம்பியல் அறுவை மருத்துவத்தில் ஏழாண்டுப் பயிற்சியும் இரவுப்பணியும் உண்டு. இவ்விரண்டும் கடும்போட்டித் துறைகளே. ஆகவே வாழ்க்கைமுறை மட்டும் விளக்கமாகிவிடாது. வருமானம், பெருமை, ஈடுபாடு ஆகியன வெவ்வேறு விகிதத்தில் கலந்தே ஒரு துறைக்கு ஈர்ப்பைத் தருகின்றன.

இக்காரணங்களின் பட்டியலில் இடம்பெறாத ஒன்றைக் கவனிக்கவேண்டும். சமுதாயத்திற்கு அத்துறை எவ்வளவு தேவை என்பதே அது. 2024 இணைப்பில் குழந்தைகள் நல மருத்துவத்தில் 252 இடங்களும், குடும்ப மருத்துவத்தில் 600க்கு மேற்பட்ட இடங்களும் முதற்சுற்றில் நிரம்பவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை அதே வாரத்தில் நடந்த அடுத்த சுற்றில் நிரம்பிவிடும். எனினும், முதல் விருப்பமாக அவற்றை எழுதியோர் போதவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. காய்ச்சலோடு வரும் குழந்தையை முதலில் பார்ப்பவரும், ஒரு குடும்பத்தின் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் இருபதாண்டு கவனித்துவருபவரும் இத்துறைகளைச் சேர்ந்தவர்களே.

அவ்விடங்களை நிரப்புவோர் யார் என்பதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் பணிபுரியும் மருத்துவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் பயின்றவர். அவர்களுள் இந்தியாவில் பயின்றோரே மிகப் பெரிய பிரிவினர்; தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயின்றோரும் அவர்களில் உண்டு. பொது மருத்துவம் போன்ற துறைகளின் வழியாகவே இவர்களுள் பலர் அந்நாட்டு மருத்துவத்திற்குள் நுழைகின்றனர். பயிற்சிக்கென விசா பெற்றுச் சென்றோர் பயிற்சி முடிந்தபின் ஈராண்டு தாய்நாட்டில் தங்கவேண்டும் என்பது விதி. மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய ஒப்பினால் அவ்விதியினின்று விலக்கு உண்டு. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பது பேர்வரை இவ்வாறு பரிந்துரைக்கலாம். போட்டி குறைந்தது எனப் பலர் ஒதுக்கும் துறையில் நுழைந்து, பலர் செல்லத் தயங்கும் ஊரில் அமர்ந்து, அவ்வூருக்குக் கிடைத்த ஒரே மருத்துவராக இருப்பவரைத் தாழ்ந்தவர் என எந்த அளவுகோல் சொல்லும்?

வகுப்பறையில் இதை எவ்வாறு பேசுவது?

அமெரிக்க எண்களை அப்படியே நம் நாடுகளுக்குப் பொருத்துதல் தவறாகும். சிங்கப்பூரில் இடங்களின் எண்ணிக்கையைத் திட்டமிடும் முறை வேறு. மலேசியாவில் பயிற்சி மருத்துவப் பணிக்குப் பின் முதுநிலைப் பட்டவழியும் இணைவழியும் என அமைந்த பாதை வேறு. ஆனால் போட்டியைத் தரத்தோடு குழப்பிக்கொள்ளும் மனப்போக்கு எல்லா நாட்டிலும் ஒன்றே. அது மருத்துவத்தோடு நிற்பதுமில்லை. பள்ளித் தேர்வு முதல் பல்கலைக்கழகப் பாடத்தேர்வு வரை, நுழைவு மதிப்பெண் உயர்ந்த பாடமே உயர்ந்த பாடம் என்று கருதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது.

ஆகவே, "எந்தத் துறைக்குப் போட்டி அதிகம்?" என்று மாணவர் கேட்டால், அவ்வினாவை ஒதுக்கிவிடவேண்டாம். எண்களை உள்ளபடி சொல்வோம். அவற்றை அறியாமல் விண்ணப்பிப்பவர் இடர்ப்படுவார். மாற்றுவழி ஒன்றையும் வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துவோம். அதன்பின் மூன்று வினாக்களை அவரிடம் கேட்போம். இத்துறையின் மிகச் சாதாரணமான நாள் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறாயா? இத்துறைக்குப் போட்டியே இல்லை என்று நாளை செய்தி வந்தாலும் இதை விரும்புவாயா? இத்துறையில் இடம் கிடைக்காவிட்டால், மருத்துவத்தில் நீ செய்ய விரும்பியவற்றுள் எது உன்னிடம் எஞ்சியிருக்கும்?

இரண்டாம் வினாவுக்கு விடை 'ஆம்' எனில், அம்மாணவர் எவ்வளவு கடும்போட்டியிலும் துணிந்து இறங்கலாம். 'இல்லை' எனில், அவர் விரும்பியது துறையை அன்று, வரிசையை. வரிசையோ, நாம் கண்டவாறு, ஒரு செய்தியால் ஈராண்டில் கலைந்துவிடக்கூடியது. அவர் செய்யப்போகும் பணியோ முப்பது நாற்பதாண்டு தொடர்வது.

நன்னூலார் வகுத்த பொருளிலேயே 'சிறப்பு' என்னும் சொல்லை இங்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு துறைக்கே உரிய பணி சிறப்பு. எல்லாத் துறைக்கும் அடிப்படையாய் நிற்பது பொது. பொதுப்பாயிரம் அறியாமல் நூலுக்குள் நுழைதல் கூடாது என்பது நம் மரபு. பொது மருத்துவரைக் காணாமல் சிறப்பு மருத்துவரிடம் செல்லும் நோயாளியும் பெரும்பாலும் வழி தவறியே செல்கிறார். இதை நம் மாணவர்கள் உணர்ந்து தேர்ந்தெடுப்பார்களாயின், அவர்கள் தேர்வது எத்துறையாயினும் அத்துறை நல்ல மருத்துவர் ஒருவரைப் பெறும்.